பராக்குப் பார்க்கும் சிப்பாய்

"டேய், முன்னால பாரு" என்று சுவரைப் பார்த்து ஓர் அதட்டல் போட்டுவிட்டுத்தான் மேஜர் அன்றைய முதல் சவரத்துக்குக் கத்தியைக் கையில் எடுக்கிறார். சுவரில் இருப்பவன் ஒரு சிப்பாய், அச்சுப் படத்துச் சிப்பாய். நூறு வருஷத்துக்கும் மேலாக அவன் முன்னால் பார்த்ததில்லை, இன்றைக்கும் பார்க்கவில்லை. மேஜர் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறார். பிறகு, "இவன் திருந்த மாட்டான்" என்று நாற்காலியில் இருப்பவரிடம் வருத்தத்தோடு தெரிவித்துவிட்டு நுரை குழைக்க ஆரம்பிக்கிறார்.

மேஜர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. முடி திருத்தும் கடை வைத்திருக்கிறார். துப்பாக்கியை அவர் பார்த்திருப்பதே அந்தப் படத்தில்தான். அதிலும் சிப்பாய்கள் துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்தி, மேலே ஈரச் சட்டைகளைக் காயப் போட்டிருக்கிறார்கள். தினமும் ஒரு சிப்பாயை அதட்டுகிறவருக்கு ஒரு பதவி வேண்டுமே என்று யாரோ கிண்டலாக மேஜர் என்று கூப்பிட, அது ஒட்டிக்கொண்டது. ஆள் ஒல்லி. சட்டைப் பையில் ஒரு சீப்பு, காதில் ஒரு சீப்பு. காதில் இருப்பதைத் தேடும்போது பையில் இருப்பதையும் மறந்துவிடுவார்.

படம் வந்த கதை சின்னது. கடை தொடங்கியபோது பழைய சாமான் விற்பவரிடமிருந்து ஒரு பெரிய கண்ணாடி வாங்கினார். அது ஒருநாள் கீறல் விட்டது. சட்டத்தைக் கழற்றினால், கண்ணாடிக்கு முதுகு கொடுப்பதற்காக யாரோ இந்தப் படத்தை வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். கீழே ஏதோ பாஷையில் இரண்டு வரி. ஓரத்தில் பதினெட்டு என்று ஆரம்பிக்கும் ஒரு வருஷம். மீதி இரண்டு எண்களைப் பூச்சி தின்றுவிட்டது. சண்டைப் படமாக இருந்திருந்தால் மேஜர் அதைத் திரும்பவும் கண்ணாடிக்குப் பின்னாலேயே அனுப்பியிருப்பார். இதில் சண்டையே கிடையாது. முகாமில் ஒரு சாதாரணக் காலை. ஒருவன் உருளைக்கிழங்குத் தோல் சீவுகிறான். ஒருவன் உள்ளாடையோடு உட்கார்ந்து தன் கால்சட்டைக்குப் பொத்தான் தைக்கிறான். ஒருவன் பூட்ஸைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான். ஒரு நாய் பாத்திரம் நக்குகிறது. நடுவில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் ஒருவன் முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருக்க, இன்னொருவன் அவனுக்குச் சவரம் செய்கிறான். கத்தி சரியாகத் தொண்டைக்குழிக்கு மேலே நிற்கிறது. செய்கிறவனுடைய முகமோ முழுசாகத் திரும்பி, படத்துக்கு வெளியே எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

எதைப் பார்க்கிறான் என்பது இந்தக் கடையில் ஓயாத வழக்கு. பெண் யாராவது போகிறாள் என்பது மருந்துக்கடைக்காரரின் கட்சி. அதிகாரி எவனோ சேற்றில் வழுக்கி விழுந்திருக்கிறான் என்பது தபால்காரரின் கட்சி. அவர் வேலையில் அதிகாரிகளோடு கொஞ்சம் மனஸ்தாபம் உண்டு. மேஜருக்கு இரண்டும் ஒன்றுதான். "எதப் பாத்தா என்னங்க? கத்தி கழுத்துல இருக்கு, கண்ணு கடைத்தெருவுல இருக்கு" என்பார். பிறகு வாளி மேல் இருப்பவனைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, "இந்த அப்பாவி வேற கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கான். நம்பிட்டான்" என்பார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால் நமக்கே தொண்டையை ஒருமுறை தடவிக்கொள்ளத் தோன்றும்.

இவ்வளவு கோபம் வருகிறதே, படத்தைக் கழற்றி வைத்துவிடலாமே என்று ஒருமுறை கேட்டேன். அவர் என்னைப் பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தான் தினமும் அதட்டி வைப்பதால்தான் இத்தனை நாளாக அங்கே ஒன்றும் ஆகாமல் இருக்கிறதாம். கழற்றிப் பரணில் போட்டால் அவனைக் கேட்க யார் இருக்கிறார்கள் என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். கத்தி அவர் கையில் இருந்தது என்பதும் ஒரு காரணம்.

இன்னொரு வழக்கு, சிப்பாய் வலக்கைக்காரனா இடக்கைக்காரனா என்பது. படம் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் தொங்குகிறது. காத்திருப்பவர்கள் பெஞ்சியிலிருந்து அதை நேராகப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அவன் வலக்கையில் கத்தி பிடித்திருக்கிறான். நாற்காலியில் இருப்பவர் கண்ணாடியில் பார்க்கிறார், அவருக்கு இடக்கை. பெஞ்சியில் உட்கார்ந்து வலக்கைக்காக மேசையைத் தட்டி வாதாடிய மனிதர், முறை வந்து நாற்காலியில் ஏறியதும், "அட, இடதுதான்யா" என்று சரண் அடைவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சவரம் முடிந்து இறங்கியதும் மறுபடியும் பழைய கட்சி. நான் எந்தக் கட்சி என்று கேட்டால், வாரம் ஒருமுறை கட்சி மாறுகிறவன்.

மேஜர் தொழிலில் கெட்டி. கத்தி தோலில் இருக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். கண்ணைக் கத்தியிலிருந்து எடுக்க மாட்டார். கடையில் டிவி கிடையாது, ரேடியோ கிடையாது, காலண்டர்கூடக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. கத்தியைத் துணியில் துடைக்கும்போது மட்டும்தான் பேச்சு. அதனால் அவர் சொல்லும் எந்த விஷயமும் தவணை முறையில்தான் வரும். "உங்க தம்பிய நேத்து ஆஸ்பத்திரில பாத்தேன், பக்கத்துலயே உங்க அம்மா அழுதுட்டு..." என்று தபால்காரரிடம் சொல்லிவிட்டு ஒரு கன்னம் முழுவதையும் சிரைத்தார். தபால்காரர் அசையவும் முடியாமல் கேட்கவும் முடியாமல் கண்ணீர் விட ஆரம்பித்துவிட்டார். கத்தியைத் துடைக்கும் நேரம் வந்ததும் மேஜர், "... இருந்த யாரையோ சமாதானம் பண்ணிட்டு இருந்தாங்க. தங்கமான மனசு" என்று முடித்தார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் கை முறிந்தது. முறிந்த விதத்தை அவர் வாயிலிருந்து வாங்க முடியாது. எல்லாருக்கும் தெரியும் என்பதால் வாங்கவும் வேண்டியதில்லை. தெருவில் எதிரே வந்து கடந்துபோன ஒருவருடைய பிடரியைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த தெருக் கடையில் வெட்டிய முடி. ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்ததாம். திரும்பிய தலை திரும்பியபடியே நடந்து, மழைநீர்க் கால்வாய்க்குள் இறங்கிவிட்டார். தூக்கிவிட வந்தவர்களில் அந்தப் பிடரிக்காரரும் ஒருவர். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கை தேறக் கொஞ்ச காலம் ஆகும், தேறினாலும் முன்போல நாள் முழுக்க நின்று செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மேஜரின் மனைவி பஸ் கண்டக்டர். இருபது பேர் நிற்கிற இடத்தில் நாற்பது பேரை நிற்க வைத்துப் பழகியவர். அவருக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டார். தம்பியும் அதே தொழில். வேறு ஊரில் ஒரு ஆலை வாசலில் பல வருஷம் கடை வைத்திருந்தவர். ஆலையை மூடியதும் கடைக்கு ஆள் இல்லை. கடை போனதும் இருந்த அறையும் போயிற்று. ஒரு பையும் ஒரு கத்தியுமாக வந்து இறங்கினார். மேஜர் "மாப்ள" என்று கூப்பிட, பெஞ்சியும் கூடவே கூப்பிட, நாற்பதைத் தாண்டிய அந்த மனிதர் மறுநாளே தெருவுக்கெல்லாம் மாப்பிள்ளை ஆனார். உருண்டை முகம். எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை நுரை போட்டார், கத்தியை எடுத்தார், கன்னத்தில் வைத்தார். வைத்ததும் தலை வாசல் பக்கம் திரும்பிவிட்டது. தெருவில் ஒரு பூனை மதில் ஏறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பூனையைப் பார்க்கிறார். கத்தி பாட்டுக்குக் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. பூனை வழுக்கியது, மாப்பிள்ளை சிரித்தார். பெஞ்சியில் இருந்த நாங்கள் ஒருமுறை அவரைப் பார்த்தோம், ஒருமுறை சுவரைப் பார்த்தோம். யாருக்கும் பேச்சு எழவில்லை.

மேஜருக்கு எழுந்தது. "டேய், முன்னால பாரு!" என்று அவர் போட்ட சத்தத்தில் பூனையே மதிலிலிருந்து குதித்துவிட்டது. மாப்பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினார். மருந்துக்கடைக்காரரின் தாடையில் ஒரு சிவப்புக் கோடு.

சின்னக் கோடுதான். படிகாரம் தடவினால் நின்றுவிடும். ஆனால் மருந்துக்கடைக்காரர் பாதி நுரையோடு எழுந்து, தன் கடைக்கே போய், தன் பஞ்சையே எடுத்து ஒட்டிக்கொண்டு, வந்து போகிறவர்களுக்கெல்லாம் மருந்தோடு சேர்த்துச் செய்தியும் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் அது ஆறு தையல் ஆகிவிட்டது. மாப்பிள்ளை அழாத குறையாக, தன் கத்தி இதுவரை ஒருவர் மேலும் பட்டதில்லை என்றார். ஆலை வாசலில் சங்கு ஊதுவதற்குள் ஐம்பது பேரை முடிக்க வேண்டும். யாருடைய முகத்தை உற்றுப் பார்க்க நேரம் இருந்தது? "கை பாத்துக்கும் மாமா. கண்ணுக்கு எதுக்கு அந்த வேல?" என்றார். மேஜர் நெற்றியில் அடித்துக்கொண்டார், மாவுக்கட்டுக் கையால். வலித்ததால் இன்னும் கோபம் வந்தது.

அதற்கப்புறம் கடையில் ஒரு வினோதம் நடந்தது. பெஞ்சி நிறைந்திருக்கும், நாற்காலி காலியாக இருக்கும். பேப்பர் படிக்க எல்லாரும் வந்தோம். முறை வந்தால் மட்டும் மரியாதை பொங்கிவிடும். நீங்கள் பெரியவர், நீங்கள் முதலில் போங்கள் என்போம். பெரியவர், எனக்கு அவசரமில்லை, வேலைக்குப் போகிற பிள்ளைகள் போகட்டும் என்பார். இப்படி விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து எல்லாருக்கும் தாடி வளர்ந்தது. சிலர் யாருக்கும் தெரியாமல் அடுத்த தெருவுக்குப் போய் வழித்துக்கொண்டு, இங்கே வந்து குனிந்த தலையோடு பெஞ்சியில் உட்கார்ந்தார்கள். மேஜர் அவர்களுடைய கிருதாவை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

எல்லாரையும்விடப் பெரிய தாடி மேஜருக்குத்தான். ஆயுளில் தன் முகத்தை இன்னொருவர் கையில் கொடுத்தவர் இல்லை. வலக்கை கட்டில் இருக்கிறது. இடக்கையால் ஒருமுறை முயன்று மீசையில் ஒரு மூலையை இழந்தார். தாடியும் முக்கால் மீசையுமாக வாசலில் நின்று வாடிக்கையாளர்களை வரவேற்றால் வருகிறவனும் யோசிப்பான் அல்லவா? அதை அவரிடம் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.

பயிற்சி கொடுத்துப் பார்த்தார். பலூன் வாங்கி வந்தார்; வேலையில்லாத நாங்கள் பெஞ்சியில் உட்கார்ந்து ஊதிக் கொடுத்தோம். அதன் மேல் நுரை பூசி, மாப்பிள்ளை கத்தியால் வழிக்க வேண்டும், கண்ணை எடுக்காமல். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு பலூனை உற்றுப் பார்த்தார். உற்றுப் பார்க்கப் பார்க்கக் கை விறைத்தது, பலூன் வெடித்தது. அடுத்ததும் வெடித்தது. அன்று காலை முழுக்க எங்கள் கடையிலிருந்து குண்டு வெடிக்கிற சத்தம். உள்ளே வர இருந்த ஒரே புதுமுகமும் அப்படியே நேராக நடந்துவிட்டார். கடைசிப் பலூனின்போது வெளியே யாரோ சைக்கிளிலிருந்து விழ, மாப்பிள்ளை தன்னை மறந்து அந்தப் பக்கம் திரும்பினார். கத்தி ஒரே இழுப்பில் நுரையை வழித்துக்கொண்டு வந்தது. பலூன் பளபளவென்று முழுசாக நின்றது. நாங்கள் எல்லாரும் மேஜரைப் பார்த்தோம்.

"பலூனுக்குக் கழுத்து ஏதுங்க" என்று சொல்லிவிட்டு மேஜர் உள்ளே போய்விட்டார்.

நானும் பின்னால் போனேன். தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளையை அனுப்பிவிட்டால் அவன் போக இடம் இல்லை. வைத்துக்கொண்டால் கடைக்கு ஆள் இல்லை. இரண்டு மூன்று வார்த்தையில் அதைச் சொல்லிவிட்டு, "நல்லவன்ங்க அவன். கெட்டவனா இருந்தாகூட ஒரு வழி பண்ணிரலாம்" என்றார். அன்றுதான் அந்த மனிதர் கண்ணில் ஈரத்தைப் பார்த்தேன். எனக்கும் என்னவோ போல ஆகிவிட்டது. ஆறுதலாக எதையாவது சொல்வதற்குப் பதில், தாடியைச் சொறிந்துகொண்டு நின்றேன். என் தாடியில் அவர் கண் பதிந்ததைக் கண்டு அதையும் நிறுத்தினேன்.

மாப்பிள்ளையே முடிவு எடுத்துவிட்டார். மறுநாள் அக்காவின் பஸ் கடை முன்னால் வந்து நிற்கும்போது, அவர் பையோடு பெஞ்சி ஓரத்தில் தயாராக இருந்தார். எங்கே போவீர்கள் என்றதற்குச் சிரித்தார். பஸ் எங்கே போகுமோ அங்கே என்றார்.

கண்டக்டர் அம்மா விசிலை ஊதி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். பையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், கடைசியில் புருஷனைப் பார்த்தார். வெளியே டிரைவர் ஹாரன் அடிக்கிறார்; பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். அவர் அசரவில்லை.

"இவன் ஏறணுமா வேண்டாமா, நீங்க சொல்லுங்க."

"நான் சொல்லி என்ன ஆகப்போவுது? யாரும் உக்கார மாட்டேங்கறாங்களே" என்றார் மேஜர்.

"நீங்க உக்காந்தீங்களா?"

பெஞ்சியில் இருந்த நாங்கள் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டோம். ஒரே பேப்பர் என்பதால் நெருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மேஜர் மெதுவாகத் தாடியைத் தடவினார். பிறகு நடந்துபோய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். எத்தனையோ வருஷமாகத் தான் மற்றவர்களை உட்கார வைத்த நாற்காலியில் எந்தப் பக்கம் கை வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. கண்டக்டர் அம்மா வாசற்படியில் போய் நின்றுகொண்டார். டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினார், ஹாரன் நின்றது.

மாப்பிள்ளை பையைக் கீழே வைத்துவிட்டு வந்து துணி போர்த்தினார். தாடியைக் கத்தரித்தார், நுரை போட்டார். கத்தியை எடுத்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. மாமா சொல்லிக் கொடுத்தபடி, இமைகூடக் கொட்டாமல், கண் இரண்டையும் கத்தி மேல் நட்டு வைத்தார். கை நடுங்கியது. நடுக்கம் கத்திக்குப் போனது. கத்தியிலிருந்து நுரைக்குப் போனது. கன்னத்தை எப்படியோ தாண்டிவிட்டார். கழுத்துக்கு வந்ததும் கத்தி தோலைத் தொட்டுத் தொட்டு விலகியது. பஸ்ஸில் ஒரு குழந்தை ஏதோ கேட்க, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். மாப்பிள்ளை இன்னும் குனிந்து, மூக்கு இடிக்கிற தூரத்திலிருந்து மாமாவின் தொண்டையை உற்றுப் பார்த்தார். கத்தி இன்னும் அதிகமாக ஆடியது.

போர்த்திய துணி அசைந்தது. உள்ளிருந்து மேஜரின் இடக்கை வெளியே வந்தது. அது மாப்பிள்ளையின் மோவாயைப் பிடித்து, மெதுவாக, தெருப்பக்கம் திருப்பி வைத்தது. பிறகு துணிக்குள் போய்விட்டது. மேஜர் தாடையை உயர்த்தி, கழுத்தை நன்றாக நீட்டிக் கொடுத்தார்.